ஜனநாயகம் வேண்டாம் என்கிற தத்துவத்தைப் படிப்பது எப்படி?

காட்பாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பேர் கூடிப் புத்தகம் படிக்கிறோம். போன மாதம் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, கம்பெனியை ஒரு சிஇஓ நடத்துற மாதிரி நாட்டையும் ஒருத்தரே நடத்தினா என்ன தப்பு? தேர்தல் எதுக்கு?" ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். திட்டி அனுப்பியிருந்தால் நேராக அந்த வீடியோவிடமே திரும்பிப் போயிருப்பான். அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில், எழுதியவரை முட்டாள் என்று நினைத்துக்கொண்டு உட்காராதீர்கள். உதாரணத்துக்கு, நாடாளுமன்ற ஜனநாயகத்தைத் தாக்கி எழுதிய கார்ல் ஷ்மிட் ஜெர்மனியின் பெரிய சட்ட அறிஞர். நோட்டை எடுத்து நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் அவர் சொல்லும் குறை, வலப்பக்கம் அவர் தரும் மருந்து. நாடாளுமன்றத்தைப் பற்றி அவர் 1923-ல் எழுதியதைப் படித்தால் இடப்பக்கம் சீக்கிரம் நிரம்பிவிடும்: விவாதம் பெயருக்கு நடக்கிறது, முடிவெல்லாம் மூடிய அறைக்குள் சின்னச் சின்னக் குழுக்கள் எடுக்கின்றன, கட்சிகள் பேரம் பேசுகின்றன. இதில் பொய் என்ன இருக்கிறது? 2019-ல் நம் வேலூர் தொகுதியிலேயே கட்டுக்கட்டாகப் பணம் பிடிபட்டு, ஓட்டுப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் தேர்தலை ரத்து செய்து, ஆகஸ்டில்தான் நடத்தினார்கள். "அஞ்சு வருஷம் மிலிட்டரி ஆட்சி வந்தாத்தான் சரிப்படும்" என்று அப்போது டீக்கடையில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டேன். அந்தக் கோபம் நியாயமானது.

இப்போது வலப்பக்கம். விதிவிலக்கான நிலை எது என்று முடிவு செய்பவரே இறையாண்மை உடையவர் என்று ஷ்மிட் 1922-லேயே எழுதிவிட்டார். அதாவது சட்டத்தை எப்போது நிறுத்திவைக்கலாம் என்று சொல்லும் ஆளிடம்தான் கடைசி அதிகாரம். சரி, மூடிய அறையில் பத்துப் பேர் முடிவெடுப்பது கெடுதல் என்றால் ஒரே ஆள் முடிவெடுப்பது எப்படி நல்லதாகும்? குறையிலிருந்து மருந்துக்குப் போகும் வழியில் வாதம் எங்கே என்று தேடுங்கள். அது இல்லாத இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டு வையுங்கள். இந்த வகைப் புத்தகங்களில் அந்த வட்டம்தான் முக்கியமான பக்கம்.

அப்புறம், எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். முசோலினி பெயரில் 1932-ல் வெளிவந்த பாசிசக் கோட்பாட்டின் தத்துவப் பகுதியை எழுதிய இத்தாலியத் தத்துவவாதி ஜொவான்னி ஜென்டிலேவுக்கு, அரசுக்கு வெளியே மனிதனுக்கு மதிப்பே கிடையாது. பொருளாதார அறிஞர் ஹான்ஸ்-ஹெர்மன் ஹோப்பே நேர் எதிர்: அரசே வேண்டாம், இருந்துதான் ஆகவேண்டும் என்றால் ஜனநாயகத்தைவிட மன்னராட்சி தேவலை என்பார். அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஜேசன் பிரென்னன் பாசிஸ்டே இல்லை, விவரம் தெரிந்தவர்கள் ஓட்டுக்குக் கூடுதல் எடை கொடுக்கலாம், இல்லை தேர்வு வைத்துப் பாஸானவர்களுக்கு மட்டும் ஓட்டு கொடுக்கலாம் என்கிறார், அவ்வளவுதான். எல்லாருக்கும் பாசிஸ்ட் என்று ஒரே முத்திரை குத்தினால், நாம் பதில் சொல்லவேண்டிய வாதம் அப்படியே நின்றுவிடும்.

தம்பி கேட்ட சிஇஓ கதை கர்ட்டிஸ் யார்வின் என்ற அமெரிக்க வலைப்பதிவருடையது. 2007-லிருந்து எழுதி வருகிறார். அவரிடம் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: இந்த ஆளை யார் நீக்க முடியும்? பங்குதாரர்கள் நீக்கலாம். அங்கே குடியிருப்பவர்கள்? பிடிக்கவில்லை என்றால் வேறு நாட்டுக்குப் போகலாம். இதை நம் ஊரில் வைத்துப் பாருங்கள். ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றில் இறங்கியபோது, கிணற்றுத் தண்ணீர் கெட்டுப்போன விவசாயி எந்தக் கம்பெனியிலும் பங்குதாரர் இல்லை. நிலத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு அவர் எங்கே போவார்? வேலூர்க் குடிமக்கள் மன்றம் ஒன்று வழக்குப் போட்டு, 1996-ல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே நஷ்ட ஈடு கட்டவேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. ஆறு இன்னும் தேறவில்லை என்பது பாலாற்றுப் பாலத்தில் போகிற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் ஓனரைக் கூண்டில் ஏற்ற ஓர் இடம் இருந்தது. யார்வினின் நாட்டில் அந்த நீதிபதியும் சிஇஓவின் சம்பளக்காரர்தான்.

எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருந்தது பிரென்னனுக்குத்தான். நியாயமாக, பொறுமையாக எழுதுகிற ஆள். அவரைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த, எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு படியுங்கள். நான் என் ஆயாவை வைத்துக்கொண்டேன். குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். மடியில் முறம், இலை வெட்டி, தூள் வைத்து, சுற்றி, நூல் கட்டி, ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்று விரலிலேயே கணக்கு. சரியில்லை என்று ஏஜென்ட் கழித்துப்போட்ட பீடியையும் அவனே எடுத்துக்கொண்டு கூலியை மட்டும் பிடிப்பான் என்பதை எந்த வாரம் எவ்வளவு என்று சொல்வார். பிரென்னனின் தேர்வில் ஆயா ஃபெயில்தான், கையெழுத்தே வராது. ஆனால் அந்த முறத்தில் நடக்கும் திருட்டு, தேர்வு எழுதிப் பாஸானவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவருக்கு ஓட்டு இல்லாவிட்டால் அதைக் காதில் வாங்கவேண்டிய அவசியம் யாருக்கு இருக்கும்? 1966-ல் பீடித் தொழிலாளருக்கென்று தனிச் சட்டம் வந்தது, கைநாட்டு வைத்தவர்களும் ஓட்டுப்போட்ட நாடாளுமன்றத்தில்தான்.

இன்னொன்று, இது நமக்குப் புது யோசனையே இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. 1951-ல் நூற்றுக்கு 18 பேருக்குத்தான் எழுத்தறிவு. அப்படியும் முதல் பொதுத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப்பெட்டி வைத்து, அதில் சின்னத்தை ஒட்டி, 21 வயதான எல்லாரையும் ஓட்டுப்போட வைத்தார்கள். பிரென்னன் கேட்கும் கேள்விக்கு இந்த நாடு ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

படிக்கும்போது 'மக்கள்' என்ற சொல் வரும் இடமெல்லாம் நில்லுங்கள். ஜனநாயகத்துக்கு முதல் தேவை எல்லாரும் ஒரே தன்மையாக இருப்பது, தேவைப்பட்டால் வேறானவர்களை அகற்றுவது என்று அந்த 1923 நூலின் இரண்டாம் பதிப்புக்கு 1926-ல் எழுதிய முன்னுரையில் ஷ்மிட் சொல்கிறார். அமைதியான நடையில் இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். அந்த இடத்தில் உங்கள் தெருவை வைத்துப் படியுங்கள். உருது பேசும் ஆம்பூர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசும் பக்கத்து வீட்டு அம்மா, என்று பெயர் பெயராக. யார் மிச்சம் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

கடைசியாக, புத்தகத்தின் ஓரத்தில் தேதி எழுதுங்கள். 1933 பிப்ரவரி 28, நாடாளுமன்றக் கட்டடத்துக்குத் தீ வைக்கப்பட்டதற்கு மறுநாள், ஜெர்மனியில் அடிப்படை உரிமைகள் நிறுத்தம். மார்ச் 23, நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போட ஹிட்லர் அரசுக்கு அதிகாரம். மே 1, ஷ்மிட் நாஜிக் கட்சியில் சேர்கிறார். 1934 ஜூன் 30-ல் தொடங்கி ஹிட்லர் விசாரணையே இல்லாமல் ஆட்களைக் கொல்கிறார். ஆகஸ்டில் அதை நியாயப்படுத்தி, தலைவர் சட்டத்தைக் காக்கிறார் என்ற தலைப்பில் ஷ்மிட் கட்டுரை எழுதுகிறார். 1922-ல் எழுதிய அந்த ஒரு வரியை இதற்குப் பிறகு ஒருதரம் திரும்பப் படியுங்கள்.

எங்கே தொடங்குவது என்றால், ஷ்மிட்டின் 1923 நூலையும் ஜனநாயகத்தின் மதிப்பைப் பற்றி அதை ஆதரித்த சட்ட அறிஞர் ஹான்ஸ் கெல்சன் எழுதியதையும் சேர்த்துவைத்து, இதில் ஓர் அத்தியாயம் அதில் ஓர் அத்தியாயமாகப் படிக்கலாம். இரண்டு பேரும் 1933-ல் கொலோன் பல்கலைக்கழகத்தில் ஒரே துறை. யூதர் என்று கெல்சனை வேலையிலிருந்து நீக்கியபோது சட்டத்துறை ஆசிரியர்கள் அவருக்காக மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஷ்மிட் மட்டும் போடவில்லை.