டயாலிசிஸோடு தைராய்டும் இருக்கிறதா? இந்தத் தவறுகள் வேண்டாம்

என் சித்திக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், காலை 6 மணி ஷிப்ட். போன மே மாதம், சென்னை வெயில் மண்டையைப் பிளந்த நேரத்தில், ஃபேனை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். அசதி, மலச்சிக்கல், வறண்ட தோல் எல்லாம் இருந்தது. "டயாலிசிஸ்னா அப்படித்தான்" என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். முதல் தவறு அதுதான். சிறுநீரகம் பழுதானாலும் தைராய்டு குறைந்தாலும் உடம்பு காட்டும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுதான், டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன்) பார்க்காமல் பிரித்துச் சொல்ல முடியாது. அதுவும் டயாலிசிஸில் இருப்பவர்களுக்குத் தைராய்டு குறைவு மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது. ரத்தம் ஊறுவதற்கான இபிஓ ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் அப்போதும் தைராய்டை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

சித்தி ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருந்தார். டிஎஸ்எச் ஏறியது, டோஸைக் கூட்டினார்கள், மறுபடியும் ஏறியது. அப்புறம்தான் டாக்டர் கேட்டார், "எதோட சேர்த்துப் போடறீங்க?" சித்தி பையிலிருந்து சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தார். காலை மாத்திரைகள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன: தைராய்டுக்கான குட்டி வெள்ளை மாத்திரை, பக்கத்திலேயே பாஸ்பரஸுக்கான பெரிய கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை. மொத்தத்தையும் இட்லியோடு, காபியோடு விழுங்கியிருக்கிறார். கால்சியம், அதைப் போலவே பாஸ்பரஸுக்குக் கொடுக்கும் செவலமர், லாந்தனம், அப்புறம் இரும்பு இவையெல்லாம் குடலிலேயே தைராய்டு மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ரத்தத்துக்குப் போகவே விடாது. இவற்றுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இப்போது சித்தி நாலரைக்கு எழுந்ததும் வெறும் தண்ணீரில் அதைப் போட்டுவிடுகிறார், காபி ஐந்தரைக்குத்தான். இடைவெளி வேண்டுமே என்று பாஸ்பரஸ் மாத்திரையை விட்டுவிடக் கூடாது, எந்த வேளைச் சாப்பாட்டோடு போடலாம் என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

ரத்தம் எடுக்கும் நேரமும் முக்கியம். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரின், பரிசோதனையில் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) அளவை இல்லாத உயரத்துக்குக் காட்டிவிடும், அதனால் மெஷினில் இணைப்பதற்கு முன்பே எடுக்கச் சொல்லுங்கள். பயோட்டின் உள்ள சத்து மாத்திரை போடுகிறவர் என்றால் லேபில் அதையும் சொல்ல வேண்டும். சில பரிசோதனை முறைகளில் அது முடிவையே புரட்டிவிடும், சிறுநீரகம் வேலை செய்யாத உடம்பிலிருந்து அது போகவும் நாளாகும்.

ரிப்போர்ட்டில் டி3 (டி4-லிருந்து உடம்பு உண்டாக்கும் இன்னொரு தைராய்டு ஹார்மோன்) குறைவு என்று பார்த்ததும் பதறுகிறவர்கள் நிறைய. டி3 குறைவாக இருந்த டயாலிசிஸ் நோயாளிகளிடம் இறப்பு அதிகம் என்று இத்தாலியில் 2006-ல் வந்த ஆய்வு சொன்னது உண்மைதான். அதற்காக டி3 மாத்திரை கேட்டு நிற்பது தவறு. நோயுற்ற உடம்பு டி4-ஐ டி3 ஆக மாற்றுவதைத் தானாகவே குறைத்துக்கொள்ளும், அந்தக் குறைவு பல நேரம் உள்ளே இருக்கும் அழற்சியையும் சத்துக்குறைவையும்தான் காட்டுகிறது. மாத்திரை கொடுத்தால் ஆயுள் கூடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, இதயத்துக்கு அது சுமையாகவும் ஆகலாம். கதீட்டரில் (டயாலிசிஸுக்காகப் போட்ட குழாய்) தொற்று இருக்கிறதா, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு, புரதம் போதுமான அளவு சாப்பிடுகிறாரா, இதையெல்லாம் கேளுங்கள்.

அயோடின் சிறுநீரில்தான் வெளியேறும், டயாலிசிஸில் இருப்பவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. அயோடின் மிஞ்சினால் தைராய்டின் வேலை கெடலாம். இதயத் துடிப்புக்கு அயோடின் உள்ள அமியோடரோன் சாப்பிடுகிறவர், ஃபிஸ்டுலாவுக்கு (டயாலிசிஸுக்காகக் கையில் இணைத்த ரத்தக்குழாய்) அயோடின் சாய ஊசி போட்டுப் படம் எடுத்தவர் எல்லாம் அதைத் தைராய்டு டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

"மெஷின் மருந்தையும் கழுவிடுமே" என்று கூடுதலாக ஒன்று போடுவதும் வேண்டாம். தைராய்டு மருந்து புரதத்தோடு ஒட்டியே இருப்பதால் டயாலிசிஸில் சொல்லும்படி வெளியேறாது. இன்னொன்று, இடைவெளி விட்டுப் போட ஆரம்பித்ததும் கூட்டி வைத்த பழைய டோஸ் திடீரென்று அதிகமாகிவிடும், நெஞ்சு படபடக்கும். 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச்சை மறுபடி பாருங்கள். சித்திக்கு அப்படிப் பார்த்துத்தான் மாத்திரையை 100 மைக்ரோகிராமிலிருந்து 75-க்குக் குறைத்தார்கள்.