வீஸிங் ராத்திரியும் மறுநாள் ரத்த ரிப்போர்ட்டும்

சளி பிடித்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ராத்திரி நெஞ்சுக்குள் பூனை கத்த ஆரம்பிக்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளை இருக்கிற வீட்டுக்கு இது பழகிய கதை. பள்ளி வயதில் வரும் இளைப்பில் ஐந்துக்கு நான்கு வைரஸ் தொற்றோடுதான் வருகிறது, அதிலும் சாதாரண ஜலதோஷம் தரும் ரைனோவைரஸுக்கே முதலிடம். இளைப்பு அடங்கிய பிறகு கையில் ஒரு ரத்த ரிப்போர்ட் மிஞ்சும். கூத்து அங்கேதான் தொடங்குகிறது.

என் அண்ணன் மகனுக்கு ஒரு மழைக்காலத்தில் இப்படி ஆனது. ராத்திரி நெபுலைசர், பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை எல்லாம் கொடுத்து, மறுநாள் காலையில் ரத்தம் எடுத்தார்கள். அலர்ஜியில் கூடும் வெள்ளணு வகையான ஈஸ்னோபில் 0.4 சதவீதம். "அலர்ஜியே இல்லையாம், இன்ஹேலர் எதுக்கு?" என்று அண்ணன் அதைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டார். ஸ்டீராய்டு உள்ளே போன சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் ஈஸ்னோபில் சரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது, எனக்கும் அப்போது தெரியாது. மாத்திரை நிறுத்தி ஒரு மாதம் கழித்து எடுத்தால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் மொத்த வெள்ளணு 7,000, ஈஸ்னோபில் 7 சதவீதம், அதாவது 490. ஆகவே எண்ணைப் பார்க்கும் முன்பு ரத்தம் எடுத்தது ஸ்டீராய்டுக்கு முன்பா பின்பா என்று பாருங்கள்.

அதே ஸ்டீராய்டு நியூட்ரோபில் என்ற இன்னொரு வகை வெள்ளணுவை ஏற்றிவிடும், மொத்த வெள்ளணுவும் கூடும். உடனே "கிருமி ஏறிடுச்சு" என்று ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குகிறோம். வைரஸுக்கு அது ஒன்றும் செய்யாது. உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் சிஆர்பி கொஞ்சம் கூடியிருப்பதை மட்டும் வைத்தும் பாக்டீரியா என்று முடிவு கட்ட முடியாது, வைரஸிலும் அது ஏறும்.

சதவீதத்தை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. வெள்ளணு 5,000 இருக்கும்போது 6 சதவீதம் என்றால் 300, வெள்ளணு 15,000 இருக்கும்போது 3 சதவீதம் என்றால் 450. சிறிய சதவீதம்தான் பெரிய எண். மருத்துவர்கள் ஏ.இ.சி., அதாவது ஈஸ்னோபில்லின் நேர் எண்ணிக்கை, என்று தனியாகக் கேட்பது இதனால்தான்.

அப்புறம் நம் ஊரின் புகழ்பெற்ற நோய், "ஈஸ்னோபீலியா". அது நோயின் பெயரே இல்லை, ஒரு அணு கூடியிருக்கிறது என்ற செய்தி மட்டும். குடற்புழு இருந்தாலும் கூடும், அலர்ஜியோடு தொடர்புள்ள ஐஜிஇ என்ற எதிரணுவும் சேர்ந்து ஏறும். யானைக்கால் புழுவால் வரும் ஒரு வகை நுரையீரல் கோளாறில் எண்ணிக்கை 3,000-க்கு மேல் போகும், இரவு இருமலும் இளைப்பும் அச்சாக ஆஸ்துமா மாதிரியே இருக்கும், ஆனால் மருந்து வேறு.

மூச்சுக்குழாய் அழற்சியை அறிய மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு அளக்கும் பரிசோதனையிலும் இதே கதைதான். பெரியவர்களுக்கு 50 பிபிபி-க்கு (நூறு கோடியில் 50 பங்குக்கு) மேல் போனால் அதிகம் என்பார்கள், ஆனால் புகைபிடிப்பவருக்கும் ஸ்டீராய்டு எடுப்பவருக்கும் இறங்கித்தான் காட்டும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது "எதிர்ப்புச் சக்தி கம்மி" என்ற பேச்சு. வைரஸ் புகுந்த மூச்சுக்குழாய்ச் செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அதைத் தடுக்க வேண்டும். ஆஸ்துமாக்காரர்கள் பலரின் செல்களில் இது தாமதமாகவும் குறைவாகவும் நடக்கிறது என்று 2005 முதல் ஆய்வுகள் வந்திருக்கின்றன, எல்லோரிடமும் அப்படி இல்லை. இன்னொரு பக்கம் அதே செல் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்ற சேதிப் புரதங்களால் அபாயச் சங்கு ஊதி ஈஸ்னோபில்களைக் கூட்டி வருகிறது. ஒரு பக்கம் போதவில்லை, ஒரு பக்கம் மிதமிஞ்சிப் போகிறது, இதில் எந்தச் சக்தியை எந்தக் கஷாயத்தால் கூட்டுவீர்கள்? இன்டர்ஃபெரான் பீட்டாவையே மூச்சில் இழுக்கக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-இல் வந்தது, அதுவும் மொத்தத்தில் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. வைரஸ் இளைப்பில் ரத்தத்தில் ஏறும் ஐபி-10 என்ற புரதம் இன்னும் ஆய்வுக்கூடச் சரக்குதான், அதை லேபில் போய்க் கேட்காதீர்கள். இதே பேச்சை நம்பி, "ஸ்டீராய்டு சக்தியைக் குறைக்கும்" என்று சளி சமயத்தில் தினசரி இன்ஹேலரை நிறுத்துகிறவர்களும் உண்டு. சரியாக அந்த வாரத்தில்தான் அது அதிகம் தேவை.

ரிப்போர்ட் வரட்டும் என்று வீட்டில் காத்திருப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பிள்ளை ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாமல் திணறினால், விலா எலும்புக்கிடையே சதை உள்வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நிவாரண இன்ஹேலர் அடித்தும் தாங்கவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்கு வண்டியை எடுங்கள். அங்கே முதலில் பார்ப்பது விரலில் மாட்டும் கருவி காட்டும் ஆக்சிஜனை, ஈஸ்னோபில்லை இல்லை.