திருவையாற்றுக்கு வேலையாகப் போகிறவர்கள் சாப்பாட்டில் செய்கிற தவறுகள்

தஞ்சாவூரிலிருந்து வடக்கே 13 கிலோமீட்டர். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று வரிசையாகப் பாலங்களைத் தாண்டினால் திருவையாறு. வங்கித் தணிக்கை, பயிர்க் காப்பீட்டு ஆய்வு, கல்லூரித் தேர்வுப் பணி என்று ஏதாவது ஒரு வேலையாக இரண்டு நாளுக்கு இந்தப் பக்கம் வருகிறவர்கள் நிறையப் பேர். ஊர் திரும்பும்போது அவர்கள் கையில் ஒரு அல்வா டப்பா இருக்கும். வயிற்றுக்குள் போனது என்னவோ தஞ்சாவூரில் லாட்ஜுக்குக் கீழே இருந்த ஹோட்டலின் பரோட்டாவும் ஃப்ரைடு ரைஸும்தான்.

ஊரில் நல்ல சாப்பாடு இல்லாமல் இப்படி ஆவதில்லை. அடுப்பு மூட்டுவதற்கும் அணைப்பதற்கும் அந்த ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. நாம் நம் ஆபீஸ் கடிகாரத்தோடு போய் இறங்குகிறோம்.

"மீட்டிங் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம்"

எல்லாத் தவறுக்கும் தாய் இதுதான். பெரிய நகரத்தில் மாலை நாலு மணிக்கும் சாப்பாடு கிடைக்கும், இரவு பதினொன்றுக்கும் பிரியாணி கிடைக்கும். சின்ன ஊர் மெஸ்ஸில் சமையல் ஒரு பானைதான். சாம்பார் தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி வைக்க மாட்டார்கள்.

காலை டிபன் ஆறு மணிக்கெல்லாம் தொடங்கிவிடும். பத்தைத் தாண்டினால் இட்லி ஆறியிருக்கும், பொங்கல் முடிந்திருக்கும். மதியச் சாப்பாடு பன்னிரண்டுக்குச் சூடாக இருக்கும். இரண்டரைக்குப் போய் உட்கார்ந்தால் ரசமும் மோரும் மிஞ்சும், கூட்டு கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்றிலிருந்து நாலு வரை பாதிக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே மாஸ்டர் துண்டை விரித்துப் படுத்திருப்பார், எழுப்பக் கூடாது. நாலுக்கு மேல் வடை, பஜ்ஜி, இனிப்பு, காபி என்று இன்னொரு ஆட்டம் தொடங்கும். இரவு ஒன்பதுக்கு மேல் பெரும்பாலான கடைகளில் தரை கழுவுகிறார்கள்.

அதனால் மீட்டிங்கை இதற்குத் தக்கபடி நகர்த்துங்கள். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரசில் வருகிறவர்கள் விடியற்காலையில் தஞ்சாவூரில் இறங்குவார்கள். அறைக்குப் போய் இன்னொரு தூக்கம் போடாமல், குளித்துவிட்டு ஏழு மணிக்கு டிபனுக்குப் போனால் முதல் ஈட்டு இட்லி கிடைக்கும். பத்து மணி வேலைக்கு அவசரமும் இருக்காது. மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு இடைவேளை வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உள்ளூர் ஆட்கள் முகம் சுளிக்க மாட்டார்கள். அவர்களுக்கும் அதுதான் சாப்பாட்டு நேரம், மேலதிகாரி வந்திருக்கிறாரே என்று பசியோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்று மட்டும் கவனம்: வாழையிலையில் முழுச் சாப்பாட்டையும் ஒரு கை பார்த்துவிட்டு மூன்று மணிக்குக் கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் ஆடும். பாயசத்தையும் இரண்டாவது சோற்றையும், வேலை இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

அசோகாவை வெறும் பார்சலாக நினைப்பது

திருவையாறு என்றதும் எல்லாரும் சொல்வது அசோகா அல்வா. ஆண்டவர் அல்வா கடையின் பெயரை வெளியூர்க்காரர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் நிறையப் பேர் இதைத் திருநெல்வேலி அல்வாவின் தம்பி என்று நினைத்துக்கொண்டு, கிளம்பும் நேரத்தில் இரண்டு கிலோ கட்டச் சொல்லிவிட்டு ஓடுகிறார்கள்.

இரண்டும் வேறு வேறு. திருநெல்வேலி அல்வா கோதுமைப் பாலில் கிண்டுவது, நாள் பட்டாலும் தாங்கும். அசோகாவுக்கு அடிப்படை பாசிப்பருப்பு. பருப்பை வறுத்து, குழைய வேகவைத்து மசித்து, சர்க்கரை சேர்த்துக் கிளறி, நெய்யில் வறுத்த கோதுமை மாவோ மைதாவோ போட்டு, ஏலக்காயும் கேசரி நிறமும் சேர்த்து இறக்குவார்கள். வெந்த பருப்பு என்பதால் ஈரம் அதிகம், வெளியே வைத்தால் சீக்கிரம் கெடும். ஆறினால் நெய் உறைந்து வழவழப்பும் போய்விடும். இந்தப் பக்கத்துக் கல்யாணப் பந்திகளில் இலையின் ஓரத்தில் சூடாக வைப்பார்களே, அந்தச் சூட்டில்தான் அது அசோகா. பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சாப்பிட்டுவிட்டு "இதுக்கா இவ்வளவு பேச்சு" என்று கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் தப்பில்லை, டப்பாவின் மேல்தான் தப்பு.

சரி, எப்படிச் சாப்பிடுவது? சாயங்காலம் கடையிலேயே நின்று, ஐம்பதோ நூறோ கிராம் வாழையிலைத் துண்டில் வாங்கிச் சாப்பிடுங்கள். கூடவே கொஞ்சம் காரமும் வாங்கிக்கொண்டால் திகட்டாது. வீட்டுக்கும் வேண்டுமென்றால் கால் கிலோ, அரை கிலோ போதும். சுடச்சுடப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூட விடாதீர்கள். மூடியில் வேர்த்துச் சொட்டுகிற தண்ணீரே அதைக் கெடுத்துவிடும். ஆறவிட்டு மூடி, வீட்டில் ஒரு சொட்டு நெய்விட்டு வாணலியில் சூடு பண்ணினால் ஓரளவுக்கு உயிர் வரும்.

பலகையை நம்பிக் காபி குடிப்பது

நெடுஞ்சாலை நெடுக "கும்பகோணம் டிகிரி காபி" பலகைகள் இருக்கின்றன. பித்தளை டவரா டம்ளர் வைத்தால் கும்பகோணம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. காபியின் ருசி இரண்டு விஷயத்தில் இருக்கிறது: தண்ணீர் கலக்காத பாலை அப்போதுதான் காய்ச்சியிருக்க வேண்டும், டிகாக்‌ஷன் முதல் இறக்கமாக இருக்க வேண்டும். பாலை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு, ஒரே தூளில் இரண்டாம் தரம் வெந்நீர் ஊற்றினால் எந்தப் பாத்திரத்தில் கொடுத்தாலும் அது வெறும் சூடான பானம்.

ஆகவே கூட்டம் வந்துபோகிற நேரத்தில் குடியுங்கள். காலை ஆறரை, மாலை நாலரை. பதினொன்றரைக்குக் கேட்டால் கிடைப்பது மிச்சம். சர்க்கரை குறைவாக வேண்டுமென்றால் ஆர்டர் சொல்லும்போதே சொல்லிவிட வேண்டும். ஆற்றிக் கொடுத்த பிறகு சொன்னால் பயனில்லை.

கும்பகோணம் என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், கசகசா, பொட்டுக்கடலை, சோம்பு அரைத்துவிட்டு இட்லிக்கும் தோசைக்கும் ஊற்றுகிற கடப்பா அந்தப் பக்கத்துச் சொத்து. எல்லா நாளும் எல்லாக் கடையிலும் இருக்காது. கிழமை பார்த்துப் போடுகிற கடைகள் உண்டு. உட்கார்ந்து இலை போட்ட பிறகு கேட்காமல், போவதற்கு முன் விசாரித்துவிடுங்கள்.

தஞ்சை என்றால் சாம்பார் என்று முடிவு கட்டுவது

எனக்கு எரிச்சல் வருகிற விஷயம் இது. "டெல்டா உணவு" என்று எழுதுகிறவர்கள் பாதிப் பேர் சாம்பார், கத்திரிக்காய் ரசவாங்கி, வத்தக்குழம்பு, காபி என்று நாலு பெயரைச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறார்கள். அவை நல்ல உணவுதான். ஆனால் வயலும் வாய்க்காலும் உள்ள ஊரில் பெரும்பாலான வீடுகளில் வேறு குழம்பு கொதிக்கிறது. விரால், குறவை, கெண்டை, வயல் நண்டு, நத்தை எல்லாம் இங்கே வாடிக்கையான சாப்பாடு. தண்ணீர் வந்து ஓடி, பிறகு வடிகிற காலத்தில் மீனுக்குப் பஞ்சமே இல்லை. மேற்கே கல்லணைக்குப் போனால் மீனை வறுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கின்றன. தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையில் அய்யம்பேட்டை, பண்டாரவாடை, ராஜகிரி என்று முஸ்லிம்கள் நிறைய வாழும் ஊர்கள். அங்கே நெய்ச்சோறும் தாளிச்சாவும் தனி உலகம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இவற்றில் பாதி, ஹோட்டல் பலகையில் ஏறாது. நண்டுக் குழம்பைத் தேடி ஊரெல்லாம் அலைந்தாலும் கிடைக்காமல் போகலாம், ரசவாங்கிக்கும் அதே கதிதான். வீட்டுச் சமையலை ஹோட்டலில் தேடாதீர்கள். கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரரிடம் "நல்ல ஹோட்டல் எது?" என்று கேட்டால் ஏசி இருக்கிற ஹோட்டலைத்தான் காட்டுவார், நமக்கு அதுதான் பிடிக்கும் என்று அவருக்கு ஒரு எண்ணம். "நீங்க மத்தியானம் எங்க சாப்பிடுவீங்க?" என்று கேளுங்கள். பதில் வேறாக இருக்கும்.

வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் "பரவாயில்லை சார், எதுக்குச் சிரமம்" என்று முதல் தடவையிலேயே மறுத்துவிடுவதும் தவறுதான். தணிக்கை, ஆய்வு என்று வந்திருந்தால் வேறு விஷயம். யாரைச் சோதிக்க வந்தோமோ அவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது, அதைச் சொன்னால் அவர்களே புரிந்துகொள்வார்கள். மற்றபடி போகலாம். முதல் நாளே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் சந்தைக்குப் போக நேரம் கிடைக்கும். பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்டு போனால் போதும். காவிரிப் படுகையில் வாழை நிறைய, பூவன் பழம் சீப்புச் சீப்பாகவே கிடைக்கும். கும்பகோணம் வெற்றிலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது.

ஆறு எப்போதும் ஓடும் என்று நினைத்து வருவது

ஏப்ரல், மே மாதத்தில் படித்துறையில் உட்கார்ந்து டிபன் பொட்டலத்தைப் பிரிக்கலாம் என்று கனவோடு வந்தால், எதிரில் மணல்தான் இருக்கும். மேட்டூர் அணையைப் பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுகிறார்கள். நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். 2022இல் மே 24ஆம் தேதியே திறந்தார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்துசேரவே மூன்று நான்கு நாள் பிடிக்கும்.

தேதி உங்கள் கையில் இருந்தால் ஆடிப் பதினெட்டை ஒட்டி வைத்துக்கொள்ளலாம். காப்பரிசியும், புளியோதரை, எலுமிச்சை, தேங்காய் என்று சித்ரான்னங்களும் தூக்கில் கட்டிக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் படித்துறைக்கு வருவார்கள். அன்றைய நல்ல சாப்பாடு கடையில் கிடைக்காது, ஆற்றங்கரையில்தான் இருக்கும்.

தேதியைப் பார்க்காமல் டிக்கெட் போட்டு மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும். தியாகராஜ சுவாமிகள் 1847இல் இங்கேதான் சித்தியடைந்தார். புஷ்ய பகுள பஞ்சமி, அதாவது புஷ்ய மாதத் தேய்பிறைப் பஞ்சமி அன்று ஆராதனை; அதையொட்டி ஐந்து நாள் இசை விழா. அந்த ஐந்து நாளும் தஞ்சாவூர் லாட்ஜுகளில் அறை கிடைப்பது கஷ்டம், திருவையாற்றில் ஒரு காபிக்கே வரிசை. பஞ்சமி அன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவதும் வழக்கம். நீங்கள் பார்க்க வந்த அலுவலகமே பூட்டியிருக்கலாம். வந்துவிட்டீர்கள் என்றால், காலையில் உஞ்சவிருத்தி ஊர்வலத்தைப் பாருங்கள். அரிசி யாசித்துச் சாப்பிட்டவரின் நினைவாக நடப்பது, சாப்பாட்டைத் தேடி வந்தவருக்கும் அதில் பார்க்க விஷயம் இருக்கிறது.

அமாவாசை நாட்களும் அப்படித்தான், ஆடியும் தையும் குறிப்பாக. புஷ்ய மண்டபப் படித்துறையில் தர்ப்பணம் கொடுக்க வெளியூர் வண்டிகள் குவியும், அன்று பல வீடுகளில் கவுச்சி கிடையாது. மீன் கனவை அடுத்த நாளுக்குத் தள்ளிவையுங்கள். சித்திரையில் ஏழூர்ப் பல்லக்கு வருகிறதா என்றும் கேட்டுவையுங்கள். திருவையாற்றுக் கோயில் சிவனான ஐயாறப்பர் சுற்றிவரும் ஏழு ஊர்களில் நந்தியின் கல்யாணத்துக்குச் சோறு திருச்சோற்றுத்துறையிலிருந்தும், பழம் திருப்பழனத்திலிருந்தும், நெய் திருநெய்த்தானத்திலிருந்தும் வந்ததாக ஐதீகம். கல்யாணம் என்றால் முதலில் பந்தியைப் பற்றித்தான் யோசித்திருக்கிறார்கள்!

பில்லை மறப்பது

அலுவலகச் செலவில் வருகிறவர்களுக்கு மட்டும். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் உணவகம் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் சாப்பிடப் போகும் மெஸ்களில் பல இந்த ரகம். அங்கே போய் ஜிஎஸ்டி எண்ணோடு பில் கொடு என்று நிற்பது வீண் சண்டை. துண்டுச் சீட்டில் கடைப் பெயர், தேதி, தொகை எழுதி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், பணத்தை யுபிஐயில் கட்டுங்கள். சில நிறுவனங்கள் இதையும் ஏற்காது. தினப்படியாக வாங்குவதா, பில் கொடுத்து வாங்குவதா என்பதைக் கிளம்புவதற்கு முன்பே கணக்குப் பிரிவில் கேட்டுவிடுங்கள். தினப்படி என்றால் சீட்டே வேண்டாம், பில்தான் வேண்டும் என்றால் ஒரு வேளையாவது பெரிய ஹோட்டலில் சாப்பிட்டாக வேண்டும். அந்த ஒரு வேளையை இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்கு மேல் அவர்கள்தான் திறந்திருப்பார்கள்.