நாளைக்கு என்ன ஊறணும்? வேலை குவிந்து கிடக்கும்போது எதை முதலில் எடுப்பது

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஐப்பசி இரண்டாம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு எங்கள் வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் ஓடு ஒழுகியது. பெரிய மழைகூட இல்லை. இரண்டு கூரையும் சேருகிற மூலையில் ஓர் ஓடு விலகியிருந்தது, அது எனக்கு ஆடி மாசமே தெரியும், "ஆள் வரச்சொல்லணும்" என்று மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன், அவ்வளவுதான். தண்ணீர் சொட்டியது நேராக அப்பத்தாவின் மரப்பெட்டி மேல். திறந்து பார்த்தால் மடித்து வைத்திருந்த பழைய கண்டாங்கிச் சேலைகளில் மேலே இருந்த இரண்டில் அரக்குச் சாயம் மஞ்சளுக்குள் இறங்கி, மடிப்பு மடிப்பாகத் திட்டு விழுந்திருந்தது. அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், வளவில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) லேப்டாப்பை வைத்துக்கொண்டு மறுநாள் கடைசித் தேதியான ஜிஎஸ்டி கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தேன். காரைக்குடியில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை எனக்கு. மாசம் 20 வந்தால் வீட்டில் நான் இருந்தும் இல்லாத ஆள்.

அன்றைக்குப் பிறகு யோசித்து, தப்பு பண்ணி, மாற்றி, இப்போது ஓரளவு ஓடிக்கொண்டிருக்கிற ஒரு முறையைத்தான் எழுதுகிறேன். ஆபீஸ் வேலையும் வீட்டு வேலையும் ஒரே தலைக்குள் முட்டிக்கொள்கிற யாருக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில் சிட்டை. எங்கள் பக்கம் பழைய வட்டிக்கடைக் கணக்கு எழுதுகிறவர்கள் அன்றன்றைக்கு வந்தது போனதை வந்த வரிசையிலேயே சிட்டையில் போட்டுவிடுவார்கள், அப்புறம்தான் தலைப்பு வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவது. எழுதுகிறபோதே இது பெருசா சிறுசா என்று யோசிக்க மாட்டார்கள். நாம் இதைத்தான் தலைகீழாகச் செய்கிறோம், எழுதுவதற்கு முன்னாலேயே வரிசைப்படுத்தப் பார்த்து, அதிலேயே களைத்துப் போகிறோம். ஒரு நோட்டு எடுங்கள், அரை மணி உட்காருங்கள், தலைக்குள் இருக்கிற எல்லாவற்றையும் கொட்டுங்கள். ஆபீஸுக்கு ஒன்று வீட்டுக்கு ஒன்று என்று இரண்டு நோட்டு வேண்டாம். ஒரு நாளைக்கு இருக்கிறது ஒரே 24 மணி நேரம், அதை இரண்டு நோட்டிலும் தனித்தனியாகச் செலவழித்தால் கணக்கு எப்படி நேராகும்?

கல்யாணமானவர்கள் இரண்டு பேரும் ஒரே நோட்டில் எழுதுங்கள். இது கொஞ்சம் ஆபத்தான யோசனை, சொல்லிவிடுகிறேன். வீட்டு வேலை என்று நான் எழுதியது நாலு வரி, அதில் ஒன்று "பைக் சர்வீஸ்". என் மனைவி எழுதியது ஒன்றரைப் பக்கம். அவளும் வேலைக்குப் போகிறவள்தான். நோட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு, "படிச்சுப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். என் நாலு வரியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுதும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். "கூரை" என்று எழுதினால் அது வேலை இல்லை, கவலை. "ஓடு வேய்கிறவருக்கு போன் போட்டு எந்தக் கிழமை வருவார் என்று கேட்பது" என்பதுதான் வேலை, அதற்கு மூன்று நிமிஷம். "ஆத்தாவின் கண்" என்று எழுதி வைத்தால் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும், "கண் ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை டோக்கன் போடுவது" என்று எழுதினால் போட்டுவிட்டு அடித்துவிடலாம். பாதி மலைப்பு இந்த இடத்திலேயே இறங்கிவிடும், ஏனென்றால் நம்மைப் பயமுறுத்துவது பெரும்பாலும் வேலையே இல்லை, தலைப்புகள்தான்.

சரி, நோட்டு நிறைந்துவிட்டது. எதை முதலில் எடுப்பது?

வழக்கமாகச் சொல்வது அந்த நாலு கட்டம், அவசரம் ஒரு பக்கம், முக்கியம் ஒரு பக்கம். 1954ல் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஒரு பேச்சில், தனக்கு இரண்டு வகைப் பிரச்சினைகள், அவசரமானவை முக்கியமில்லை, முக்கியமானவை ஒருபோதும் அவசரமாக வருவதில்லை என்று யாரோ ஒரு கல்லூரித் தலைவர் சொன்னதாக எடுத்துச் சொன்னார். அதிலிருந்து பிற்பாடு வந்த கட்டம் அது. நல்ல கட்டம்தான், ஆனால் எனக்கு வேலை செய்யவில்லை. காலை ஒன்பது மணிக்கு ஆத்தா ஒரு பக்கம், பையன் ஒரு பக்கம், கட்சிக்காரர் (நாங்கள் கணக்குப் பார்த்துக் கொடுக்கிற வியாபாரி) போனில் ஒரு பக்கம் என்று நிற்கும்போது எல்லாமே அவசரமாகவும் முக்கியமாகவும்தான் தெரியும், எல்லாம் முதல் கட்டத்திலேயே போய் விழும்.

அதனால் நான் கேட்கிற கேள்வி கணக்குப்பிள்ளைக் கேள்வி: இதை ஒரு நாள் தள்ளினால் எவ்வளவு நஷ்டம்?

என் வேலையிலிருந்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மாசாமாசம் தாக்கல் செய்கிறவர்களுக்கு, ஜிஎஸ்டி வரியைக் கணக்குக் காட்டிக் கட்டுகிற 3பி படிவத்தின் கடைசித் தேதி 20. தப்பினால் நாளைக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம், வரியே இல்லாத கணக்கென்றால் 20 ரூபாய், அதோடு கட்ட வேண்டிய வரிக்கு வருஷத்துக்கு 18 சதவீத வட்டி. ஒரு கடைக்காரர் 40,000 ரூபாய் கட்ட வேண்டியிருந்தால் ஒரு நாள் வட்டி ஏறக்குறைய 20 ரூபாய். ஆக ஒரு நாள் தவறினால் 70 ரூபாய். இதை நான் தவறவிடலாம் என்று சொல்லவில்லை, சொன்னால் முதலாளி என்னைத் தவறவிட்டுவிடுவார். ஆனால் 70 ரூபாய்க் காரியம் பத்து தடவை போன் அடித்தது, அப்பத்தாவின் சேலை ஒரு தடவைகூட போன் அடிக்கவில்லை.

இதே ஆபீஸில் இன்னொரு தேதி இருக்கிறது, 11. அது விற்பனை விவரம் ஏற்றுகிற ஜிஎஸ்டிஆர்-1. அதைத் தப்பவிட்டால் சரக்கு வாங்கியவருக்கு 14ஆம் தேதி உருவாகிற 2பி என்ற பட்டியலில் அந்தப் பில்கள் வராது, வாங்கும்போது கொடுத்த வரியை அவர் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிற வரி வரவு அந்த மாசம் கிடைக்காது, அவர் நம் கட்சிக்காரருக்குப் பணம் கொடுக்காமல் நிறுத்தி வைப்பார். கட்டணம் சின்னது, அடி பெருசு. ஆனால் 20க்கு இருக்கிற ஆர்ப்பாட்டம் 11க்கு இருக்காது. இந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்த பிறகு எங்கள் ஆபீஸில் என் மேசையில் மட்டும் மாசத்தின் பரபரப்பு 20லிருந்து 8, 9க்கு நகர்ந்துவிட்டது.

வீட்டிலும் அப்படியே போட்டுப் பாருங்கள். பரணில் பழைய பாத்திரம் அடுக்குவதை ஒரு நாள் தள்ளினால்? பூஜ்யம். ஒரு மாசம் தள்ளினால்? அதுவும் பூஜ்யம். கூரையைப் புரட்டாசியில் ஒரு நாள் தள்ளினால் ஒன்றுமில்லை, ஐப்பசி பிறந்த பிறகு ஒவ்வொரு நாளும் சூதாட்டம். ஆக ஒரு வேலையின் விலை எல்லா நாளும் ஒன்றாக இருக்காது, அது ஏறுகிற தேதி எது என்று பார்த்து, நோட்டில் வேலைக்குப் பக்கத்தில் அந்தத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தேதியே இல்லாத வேலை கடைசிப் பக்கத்துக்குப் போகட்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடம். எங்கள் அப்பத்தா ராத்திரி படுக்கப் போகுமுன் அடுப்படி வாசலில் நின்று ஆத்தாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: "நாளைக்கு என்ன ஊறணும்?" கவுனி அரிசி என்றால் ராத்திரியே ஊற வேண்டும், காலையில் ஞாபகம் வந்து பிரயோஜனமில்லை. ஊறப்போட ஒரு நிமிஷம், ஊற ஒரு ராத்திரி. அந்த ராத்திரி நேரம் நம் நேரம் இல்லை, அது தானாக நடக்கிறது.

ஆபீஸிலும் வீட்டிலும் பாதி வேலை இந்த ரகம்தான். கட்சிக்காரரிடம் பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்பது ஊறப்போடுகிற வேலை, நாம் கேட்டு அவர் அனுப்ப இரண்டு நாள் ஆகும். ஓடு வேய்கிறவரைக் கூப்பிடுவது, கேஸ் பதிவு செய்வது, டோக்கன் போடுவது, பள்ளிக்கூடத்தில் ஒரு சான்றிதழுக்கு எழுதிக் கொடுப்பது எல்லாமே அப்படித்தான். இவை சின்ன வேலைகள் என்பதால் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பெரிய வேலைக்குப் பின்னால் தள்ளுகிறோம், கடைசியில் பெரிய வேலையைத் தொடுகிற நாளில் அரிசி ஊறவில்லை. அதனால் காலையில் முதல் அரை மணி ஊறப்போடுவதற்கு மட்டும். முக்கியமா இல்லையா என்றெல்லாம் அங்கே பார்க்காதீர்கள், அடுத்தவர் கையில் காத்திருக்க வேண்டிய வேலை எதுவோ அதைக் கிளப்பிவிட்டு உங்கள் வேலைக்கு வாருங்கள்.

ஊறப்போட்டதை மறந்தாலும் கெடும், அதனால் பக்கத்தில் ஒரு தேதி: "சொல்லிவிட்டேன், வியாழன் திரும்பக் கேட்கணும்."

ஊறின பிறகு அடுப்பு. வெள்ளைப் பணியாரம் சுட்டவர்களுக்குத் தெரியும், பச்சரிசியை உழக்கில் நிரப்பி அதன் தலையில் கோபுரமாக உளுந்து வைத்து, ஊறவைத்து, வெண்ணெய் மாதிரி அரைத்து, காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி ஊற்றி விட்டு நிற்க வேண்டும். அது தானாக மேலே எழும்பும். திருப்பி, எடுத்து, அப்புறம்தான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டு இரண்டு ஊற்றினால் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டும் வீண். மாவு இருக்கிறதே என்று நாளைக்கு வைத்தால் புளித்து எண்ணெய் குடிக்கும். கவனம் கேட்கிற வேலை எல்லாம் இப்படித்தான், கணக்கு ஒப்பிடுவது, பையனுக்குப் பாடம் சொல்வது, ஆத்தாவிடம் ஆஸ்பத்திரி விஷயம் பேசுவது. ஒரு நாளைக்கு இந்த மாதிரி மூன்றுக்கு மேல் எனக்கு ஓடவில்லை, அதனால் மூன்றுதான் எழுதுகிறேன். போன் அந்த நேரத்தில் வேறு அறையில் இருக்கும். முகப்பில் வைத்துவிட்டு இரண்டாம் கட்டில் உட்கார்ந்தால் எடுக்கப் போக சோம்பல் வந்துவிடும், பெரிய வீட்டினால் உள்ள ஒரே லாபம் இது.

இதற்கு மேலும் மிச்சம் நின்றால் ஆளைப் பிரிக்க வேண்டியதுதான். எங்கள் நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமானால் ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு குடும்பம், கோயில் காரியத்துக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி, யாரும் தப்ப முடியாது. அதையே வீட்டுக்குள் கொண்டுவந்தோம், கல்யாணம் ஆகாவிட்டாலும் பையனையும் ஒரு புள்ளியாகச் சேர்த்து. செடிக்குத் தண்ணீர், கேன் தண்ணீர் சொல்வது, ஆத்தாவின் மாத்திரை டப்பாவை ஞாயிற்றுக்கிழமை நிரப்புவது அவன் வரி. முதல் மாசம் இரண்டு தடவை மறந்தான். நாமே செய்துவிடலாம் என்று கை பரபரக்கும், செய்யாதீர்கள் (மாத்திரையை மட்டும் நான் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வேன்). ராத்திரிப் பாத்திரம் என் வரி. அதை எழுதுகிறபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது, இத்தனை வருஷம் அது யார் வரி என்று கேட்டதேயில்லை.

ஆபீஸில் முதலாளிக்கு வரி போட முடியாது. அங்கே "முடியாது" என்று சொல்வதற்குப் பதிலாக நோட்டைக் கொண்டுபோய் நீட்டி, "சார், இந்த ரெண்டுல எது முதல்ல வேணும்னு சொல்லுங்க, இன்னொண்ணு வியாழக்கிழமை மத்தியானம் தர்றேன்" என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்றைத் தள்ளிவைப்பார்கள். இரண்டும் இன்றைக்கே வேண்டும் என்கிற நாளும் உண்டு, அன்றைக்கு வேறு வழியில்லை.

விசேஷங்கள் தனிக் கதை. கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் மாதிரி), படைப்பு (முன்னோருக்குப் படைப்பது) என்று ஐப்பசி, தை மாசங்களில் சேர்ந்தே வரும். நாங்கள் பத்திரிகை வந்த அன்றைக்கே யார் போவது என்று முடிவு பண்ணி எழுதிவிடுகிறோம், எல்லாரும் எல்லாவற்றுக்கும் போவதில்லை. கேதம் (சாவு) என்று செய்தி வந்தால் மட்டும் நோட்டை மூடிவிட்டுக் கிளம்பிவிட வேண்டும், அன்றைய மூன்றும் அப்படியே நாளைக்கு. அதற்காக மனசு உறுத்த வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது நிமிஷம் ஐந்தொகை, அதாவது வரவு செலவு மிச்சக் கணக்கு மாதிரி, பார்க்கிறோம். முடிந்ததை அடிப்பது, மிச்சத்தைப் புதுப் பக்கத்தில் எழுதுவது. கையால் திரும்ப எழுத வேண்டும், அதுதான் சூட்சுமம், மூன்றாவது வாரமும் அதே வரியை எழுதும்போது கை கேட்கும், இது எதற்கு என்று. "பரண் பாத்திரம் அடுக்குவது" என்ற வரியை நான் பதினாலு வாரம் விடாமல் எழுதினேன். போன ஞாயிற்றுக்கிழமை பேனாவை எடுத்ததும் மனைவி நோட்டை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, "டீ குடிக்கிறீங்களா?" என்றாள். பாத்திரங்கள் இன்னும் பரணில்தான் கிடக்கின்றன.