பக்கத்தில் இருந்தும் பார்க்காத நண்பர்கள்: ஓய்வுக்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். அப்படியிருந்தும், ஒரே கம்பத்தில் (கிராமத்தில்) வளர்ந்தவர்களும், ஒரே கப்பல் பட்டறையில் காலமெல்லாம் வேலை பார்த்தவர்களும் கடைசியில் மண்டாய் தகனச்சாலையில்தான் சந்தித்துக்கொள்கிறார்கள். "நீ ஈசூன்லயா இருக்கே? தெரியாமப் போச்சே" என்று அங்கே பேசிக்கொள்வதைக் கேட்கும்போதெல்லாம் மனசு கனத்துப் போகிறது.

இதற்குக் காரணம் தூரம் இல்லை. "இங்கேதானே இருக்கான், எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்ற நினைப்புதான். தஞ்சாவூருக்குப் போவதென்றால் மூன்று மாதத்துக்கு முன்பே நாள் பார்க்கிறோம். ஈப்போவில் கல்யாணம் என்றால் பேருந்துச் சீட்டு எடுத்து வைக்கிறோம். பொங்கோலில் இருக்கும் நண்பரைப் பார்க்க மட்டும் நாள் குறிப்பதே இல்லை. வேலையில் இருந்தவரை நேரமில்லை என்று சொன்னோம். ஓய்வு பெற்ற பிறகும் அதே பழக்கம் தொடர்வதுதான் முதல் தவறு. தீவுக்குள்ளேயே என்றாலும் இதையும் ஒரு பயணமாக எடுத்துக்கொண்டு நாட்காட்டியில் எழுதுங்கள்.

பலர் ஆளைத் தேடும் கட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள். 1971ல் பிரிட்டிஷ் படைகள் கிளம்பிய பிறகு செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பில் இருந்த நம்மவர்கள் பலர் வெவ்வேறு பேட்டைகளுக்குப் போய்விட்டார்கள். உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982ல் மூடப்பட்டதால் அங்கே போய் விசாரிக்கவும் வழியில்லை. வீவகவும் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) 1995 முதல் சில பழைய புளோக்குகளை மொத்தமாக எடுத்துக்கொண்டு, அங்கிருந்தவர்களைப் புது வீடுகளுக்கு மாற்றியிருக்கிறது. ஆகவே பழைய முகவரியை நம்பி நேராகப் போய் நிற்காதீர்கள். அதற்காகப் பழைய டைரியைத் தூக்கிப் போடவும் வேண்டாம். அதில் ஏழு இலக்க வீட்டுத் தொலைபேசி எண் இருந்தால் முன்னால் 6 சேர்த்து அழைத்துப் பாருங்கள். 2002ல் எண்கள் எட்டு இலக்கமானபோது வீட்டு எண்களுக்கு அப்படித்தான் மாறியது. எண்ணை மாற்றாமல் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அப்புறம், சொல்லாமல் போய்க் கதவைத் தட்டுவது. கம்பத்துக் காலத்தில் அது அன்பு. இன்றைக்கு உங்கள் நண்பர் பேரப்பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவரப் போயிருக்கலாம், பலதுறை மருந்தகத்தில் எண்ணுக்காகக் காத்திருக்கலாம். டயாலிசிஸ் செய்துகொள்பவர் என்றால் பெரும்பாலும் வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் அதிலேயே போய்விடும். வீடு திரும்பும்போது பேசவும் தெம்பு இருக்காது. "எந்த நாள் உனக்குத் தோது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லும் நாளுக்கு நீங்கள் வளைந்து கொடுங்கள்.

ஜூரோங்கில் ஒருவர், பாசிர் ரிஸில் ஒருவர் என்று ஒரே நாளில் இரண்டு பேரைப் பார்த்து முடிக்கத் திட்டம் போடாதீர்கள். ஜூரோங் ஈஸ்டிலிருந்து பாசிர் ரிஸுக்கு ரயிலிலேயே ஒரு மணி நேரம் ஆகிவிடும். இரண்டாவது வீட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பீர்கள். செலவு மிச்சமாகும் என்று அப்படிச் செய்யவும் தேவையில்லை. மூத்தோர் சலுகை அட்டையில் 7.2 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், அதற்கு மேல் எவ்வளவு தூரம் போனாலும் கட்டணம் ஏறுவதில்லை.

வழி தேடும்போது, கைப்பேசி காட்டும் வேகமான வழி முழங்காலுக்கு நல்ல வழி என்று நினைத்துவிட வேண்டாம். டோபி காட் போன்ற இடத்தில் ரயில் மாற நிறைய நடக்க வேண்டும். பத்து நிமிடம் கூடுதலானாலும் ஒரே பேருந்தில் உட்கார்ந்தபடி போவது மேல். காலை 9 மணிக்கு மேல் கிளம்பினால் உட்கார இடமும் கிடைக்கும். பல சாலைக் கடப்புகளில் அதே சலுகை அட்டையை விளக்குக் கம்பத்திலுள்ள கருவியில் தொட்டால் பச்சை விளக்கு கூடுதல் நொடிகள் எரியும். வெட்கப்படாமல் பயன்படுத்துங்கள்.

இனி வீட்டுக்குள் போனபின் செய்யும் தவறுகள். எனக்கு அதிகம் கவலை தருபவை இவைதான். மறதி நோய் வந்த நண்பரிடம் "நான் யார் தெரியுதா, சொல்லு பார்ப்போம்" என்று பரீட்சை வைப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சுற்றி இருப்பவர்கள் ஆசையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பதில் வராதபோது அவர் முகத்தில் வரும் கலக்கத்தைக் கவனியுங்கள். போனவுடன் "நான்தான் முருகையன், பட்டறையில உன்னோட வேலை பாத்தவன்" என்று நீங்களே பெயரையும் உறவையும் சொல்லிவிடுங்கள். பழைய படம் ஒன்றைக் கையில் கொடுங்கள். நேற்று நடந்தது நினைவில் இல்லாவிட்டாலும், ஐம்பது வருடத்துக்கு முந்தைய பந்தாட்டத்தை அவர் சொல்லக்கூடும். தப்பாகச் சொன்னால் திருத்தாதீர்கள். காது மங்கியவர் வீட்டுக்குப் பழைய கூட்டாளிகள் ஆறேழு பேர் ஒன்றாகப் போவதும் சரிப்படாது. எல்லாரும் சேர்ந்து பேசும்போது அவருக்கு ஒன்றும் விளங்காது. இரண்டு பேராகப் போங்கள்.

துணையை இழந்தவரிடம் இறந்தவரைப் பற்றி வாயே திறக்காமல் வருவது நாகரிகம் என்று சிலர் நினைக்கிறார்கள். அவர் மனைவி வைத்த மீன்குழம்பைப் பற்றி நீங்கள் பேசினால் அவர் அழலாம், அழட்டும். அந்தப் பெயரைச் சொல்ல அவருக்கும் ஆள் வேண்டும்.

இனிப்புப் பெட்டி வாங்கிப் போகும் பழக்கத்தையும் யோசியுங்கள். சர்க்கரை உள்ளவர் வீட்டில் அது தொல்லை. தெக்கா சந்தையில் நல்ல முருங்கைக்கீரை, வெற்றிலை வாங்கிப் போனால் அவர் வீட்டார் மகிழ்வார்கள். நடக்க முடிந்தவரைக் கீழே காப்பிக்கடைக்கு அழைத்துப் போய் ஆளுக்கொரு தே ஓ கோசொங் (பாலும் சர்க்கரையும் இல்லாத தேநீர்) குடிக்கலாம். அன்று அவர்தான் பணம் கொடுப்பேன் என்று பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

கிளம்பும்போது "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அடுத்த நாளை அங்கேயே குறியுங்கள். அடுத்த முறை அவர் உங்கள் பக்கம் வர முடியுமென்றால், எந்த ரயில் நிலையத்தில் எந்த வாசலில் நீங்கள் வந்து நிற்பீர்கள் என்பதையும் அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.