இலத்திரன் அடர்த்தி வரைபடத்தையும் ஒருக்கால் பாருங்கோ

யாழ்ப்பாணத்தில் டொக்கிங் (ஒரு சிறு மூலக்கூறு புரதத்தில் எப்பிடிப் பொருந்தும் எண்டு கணினியில் கணிக்கிறது) செய்து ஆய்வறிக்கை எழுதுற தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு குறிப்பு. கட்டுரையில் வாற புரதப் பளிங்குக் கட்டமைப்பு ஆய்வாளர் பொருத்தின மாதிரிதான். ஆதாரம், எக்ஸ்-கதிர்த் தரவிலயிருந்து இலத்திரன்கள் எங்கை செறிஞ்சிருக்கெண்டு காட்டுற இலத்திரன் அடர்த்தி வரைபடத்தில் இருக்கு. அதுக்காக ஒருத்தருக்கும் மின்னஞ்சல் போடத் தேவையில்லை. கட்டமைப்பையும் வரைபடத்தையும் பார்க்கிற கூட் (Coot) மென்பொருளின் ஃபைல் மெனுவில் பிடிபி (PDB, புரதத் தரவு வங்கி) குறியீட்டைக் குடுத்தால் மாதிரியும் வரைபடமும் சேர்ந்தே இறங்கும். கூட் இலவசம்.

நீல வலையாய்த் தெரியிற முதன்மை வரைபடமான 2எஃப்ஓ-எஃப்சியை (2Fo-Fc) 1 தொடக்கம் 1.5 சிக்மா மட்டத்திலும், தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டுற வித்தியாச வரைபடத்தை 3 சிக்மாவிலும் வையுங்கோ. வித்தியாச வரைபடத்தில் பச்சைக் குமிழ் தெரிஞ்சால் அங்கை ஏதோ விடுபட்டிருக்கு; சிவப்பு எண்டால் தரவு ஆதரிக்காத இடத்தில் அணு நிக்குது. முதலில் லிகண்டைத்தான் (புரதத்தோட பிணைஞ்சிருக்கிற சிறு மூலக்கூறு) பாருங்கோ. அதைச் சுத்தி நீல வலையே இல்லாட்டி, அந்தக் கட்டமைப்பை நான் டொக்கிங்குக்கு எடுக்கமாட்டன், எவ்வளவு பெரிய சஞ்சிகையில் வந்திருந்தாலும்.

இன்டர்நெட் டேட்டா குறைவெண்டால் பிடிபி பதிவுகளைக் காட்டுற ஆர்சிஎஸ்பி (RCSB) தளத்தின் மோல்ஸ்டார் (Mol*) காட்சியில் உலாவியிலேயே பார்க்கலாம். பழைய பதிவுகள் சிலதுக்கு வரைபடம் வராது: வரைபடம் கணிக்கத் தேவையான கட்டமைப்புக் காரணித் தரவைச் சேர்த்துக் குடுக்கிறது 2008 பெப்ரவரியில்தான் கட்டாயமானது. பிடிபி-ரீடூ தளத்தில் திரும்பச் செம்மையாக்கின வரைபடங்களும் கிடைக்கும்.