அஜைலும் வாட்டர்ஃபாலும் ஒரே திட்டத்தில்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலே திட்டத்தை மேற்பார்க்கும் ஸ்டியரிங் கமிட்டிக்குத் தேதி வேண்டும், பட்ஜெட் வேண்டும்; அதற்கு, முழுவதையும் முன்பே திட்டமிட்டுப் படிப்படியாக முடிக்கும் வாட்டர்ஃபால். கீழே டெவலப்மென்ட் குழுவுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முன்னுரிமையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் வேண்டும்; அதற்கு, சிறு சுற்றுகளாகச் செய்து திருத்திக்கொண்டே போகும் அஜைல். இரண்டையும் ஒரே திட்டத்தில் ஓட்டும்போது புதியவர்கள் செய்கிற தவறுகள், அவர்களுக்கு முன்னால் வந்தவர்களும் வரிசை மாறாமல் செய்தவைதான். தினசரி ஸ்டாண்ட்-அப் கூட்டம் அரை மணி நேரம் இழுப்பது, நடந்ததைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோவைத் தள்ளிப்போடுவது போன்றவை ஒரு மாதத்தில் தாமாகவே கண்ணில் பட்டுவிடும், அவற்றை விட்டுவிடலாம். பாதித் திட்டம் வரை மறைந்திருந்து பிறகு பல்லைக் காட்டுகிறவை வேறு.

வேலைகளைத் தேதிவாரியாகக் காட்டும் கேன்ட் சார்ட்டை இரண்டு வாரத் துண்டுகளாக நறுக்குவது

16 ஸ்பிரிண்ட்டுக்கும் (இரண்டு வாரச் சுற்று) எந்த ஸ்டோரி (பயனருக்கு வேண்டிய ஒரு சிறு வேலை) எதில் வரும் என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுவார்கள். பெயர்தான் ஸ்பிரிண்ட்; நடப்பது வாட்டர்ஃபால். மூன்றாவது ஸ்பிரிண்ட்டில் ஒரு ஸ்டோரி நகர்ந்தால் பின்னால் உள்ள 13-ஐயும் திருத்த வேண்டும். அதற்கென்றே ஓர் ஆள் முழு நேரமாக உட்கார வேண்டியிருக்கும்.

மாஸ்டர் பிளானில் ரிலீஸ், மைல்ஸ்டோன், பிற குழுக்களிடமிருந்து வரவேண்டியவை, பிறருக்குத் தரவேண்டியவை ஆகியவை மட்டும் இருக்கட்டும். ஸ்டோரி அளவிலான விவரம் அடுத்த 2 அல்லது 3 ஸ்பிரிண்ட்டுக்குப் போதும். அதற்கு அப்பால் உள்ளவை பெரிய துண்டுகளாகவே கிடக்கலாம்.

எந்த வேலைக்கு எந்த முறை என்பதைத் துறை பார்த்துப் பிரிப்பது

'மென்பொருள் என்றால் அஜைல், மற்றதெல்லாம் பிளான்' என்று கோடு போடுவது சுலபம். ஆனால் பார்க்க வேண்டியது துறையை அல்ல, முடிவு எடுத்த பிறகு அதை மாற்ற என்ன செலவாகும் என்பதை. திரையின் தோற்றத்தை நாளைக்கே மாற்றலாம். மூன்று வெளி அமைப்புகள் நம்பியிருக்கும் ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசும் இணைப்பு) வடிவத்தையோ டேட்டாபேஸின் அடிப்படைக் கட்டமைப்பையோ அப்படி மாற்ற முடியாது. இவையும் மென்பொருள்தான், ஆனால் முன்கூட்டியே யோசித்து, தேதி குறித்து, உறைய வைக்க வேண்டியவை.

அஜைல் என்றால் பிளானே கூடாது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2001-இல் வெளியான அஜைல் பிரகடனம் திட்டத்தைப் பின்பற்றுவதற்கும் மதிப்பு உண்டு என்கிறது, மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதற்கு அதைவிட அதிக மதிப்பு என்று மட்டுமே சொல்கிறது. மறுபக்கமும் அப்படித்தான். வாட்டர்ஃபாலின் மூலம் என்று காட்டப்படும் 1970-ஆம் ஆண்டுக் கட்டுரையில் வின்ஸ்டன் ராய்ஸ், படிப்படியாக இறங்கும் அந்தப் படத்தைப் போட்டுவிட்டு, இப்படியே செய்தால் ஆபத்து என்றும் எழுதினார். படம் மட்டும் நிலைத்துவிட்டது.

ஸ்டோரி பாயின்ட்டை 'எத்தனை சதவீதம் முடிந்தது' கட்டத்தில் நிரப்புவது

அதிகப் பணத்தைத் தின்பது இதுதான். எத்தனை முறை சொன்னாலும் அடுத்த திட்டத்தில் அப்படியே திரும்ப வருவதும் இதுதான்.

பேக்லாக்கில் (செய்ய வேண்டிய ஸ்டோரிகளின் பட்டியல்) 400 பாயின்ட் (ஸ்டோரியின் அளவுக்குக் குழு தானே போடும் மதிப்பு), வெலாசிட்டி (ஒரு ஸ்பிரிண்ட்டில் முடிக்கும் பாயின்ட்) 25 என்று வைத்துக்கொள்வோம். 16 ஸ்பிரிண்ட், 32 வாரம் என்று திட்டம் ஒப்புதலாகிறது. 8 ஸ்பிரிண்ட் கழித்து 200 பாயின்ட் முடிந்திருக்கிறது. பாதிக் காலம், பாதி வேலை. அறிக்கையில் பச்சை நிறம் போட்டு மேலே அனுப்புகிறார்கள்.

அதே நாளில் பேக்லாக்கைத் திறந்து மொத்தத்தை எண்ணினால் 460 வருகிறது. ஸ்பிரிண்ட்டுக்குச் சராசரியாக 7.5 பாயின்ட் சத்தமில்லாமல் சேர்ந்திருக்கிறது. டெமோ பார்த்தவர்கள் கேட்டவை, முதலில் கண்ணில் படாதவை, பிரிக்கும்போது பெருத்தவை. மீதி 260. இனி எதையும் சேர்ப்பதில்லை என்று இன்றே கதவைச் சாத்தினாலும் 11 ஸ்பிரிண்ட், அதாவது 22 வாரம் வேண்டும். கையில் இருப்பது 16 வாரம். பச்சை காட்டிய அன்றே திட்டம் 6 வாரம் பின்தங்கியிருக்கிறது. சேர்க்கை இதே வேகத்தில் தொடர்ந்தால் நிகர வேகம் 17.5, 15 ஸ்பிரிண்ட், 30 வாரம்.

25 என்பதும் சராசரிதான். அந்த 8 ஸ்பிரிண்ட்டும் 18, 22, 24, 31, 28, 20, 27, 30 என்று ஓடியிருந்தால், மோசமான மூன்றின் சராசரி 20, நல்ல மூன்றின் சராசரி ஏறக்குறைய 30. சேர்க்கையைக் கழித்தால் 12.5 முதல் 22.5 வரை. எனவே 'எப்போது முடியும்?' என்பதற்கு நேர்மையான பதில், இன்னும் 24 முதல் 42 வாரம்.

எங்கே கோளாறு? சதவீதக் கட்டம், மொத்த அளவு மாறாத வேலைக்காக உண்டானது. 1,000 மீட்டர் குழாயில் 500 மீட்டர் பதித்தால் 50 சதவீதம். நாளைக்குக் குழாய் 1,150 மீட்டர் ஆகிவிடாது. பேக்லாக்கில் வகுக்கும் எண்ணே நகர்கிறது, நகர வேண்டும் என்பதற்காகத்தான் அது பேக்லாக்.

இரண்டாவது கோளாறு 'முடிந்தது' என்ற சொல்லில். குழுவுக்கு அது கோட், யூனிட் டெஸ்ட், டெமோ. பிளானுக்கு அது டேட்டா மைக்ரேஷன், லோட் டெஸ்ட், பாதுகாப்புச் சோதனை, பயனர் ஏற்புச் சோதனை, பயிற்சி எல்லாம் முடிந்து லைவ் போவது. இவற்றுக்குப் பாயின்ட்டே போட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் 90 சதவீதத்தைத் தொட்ட திட்டம் மாதக்கணக்கில் 90-லேயே நிற்கிறது.

திருத்தம் கடினமல்ல. மீதியை மட்டும் காட்டும் பர்ன்-டவுனுக்குப் பதில் பர்ன்-அப் சார்ட்டைக் கொடுங்கள்: முடிந்த பாயின்ட்டுக்கு ஒரு கோடு, மொத்த ஸ்கோப்புக்கு ஒரு கோடு. இரண்டாவது கோடு ஏறுவதைக் கமிட்டியே பார்க்கட்டும். எர்ன்டு வேல்யூ (முடிந்த வேலையின் பட்ஜெட் மதிப்பு) கேட்டால் 0/100 விதியைப் பிடியுங்கள். முழுக்க முடிந்தால் 100, இல்லாவிட்டால் 0, பாதி மதிப்பெண் கிடையாது. மைல்ஸ்டோனைக் கண்ணால் பார்க்கக்கூடிய நிகழ்வாக எழுதுங்கள். 'பேமென்ட் மாட்யூல் 80%' என்பதைவிட 'பழைய சிஸ்டத்திலிருந்து மாற்றிய ஒரு வாடிக்கையாளர் கணக்கில் சோதனைச் சூழலில் பணம் கட்டி ரசீது வருகிறது' என்பது நூறு மடங்கு மேல். லைவுக்கு முந்தைய வேலைகளை ஒன்று பேக்லாக்கில் பாயின்ட்டோடு போடுங்கள், அல்லது மாஸ்டர் பிளானில் வாரக் கணக்கோடு போடுங்கள். இரண்டிலும் இல்லாமல் தொங்கவிடாதீர்கள்.

ஒரு பாயின்ட் = ஒரு நாள்

வேண்டாம். மாற்றிய மறுநாளே பாயின்ட் வீங்கத் தொடங்கும்.

இரு குழுக்களின் வெலாசிட்டியை ஒப்பிடுவது

ஒவ்வொரு குழுவின் பாயின்ட்டுக்கும் அலகே வேறு.

கொள்முதலையும் ஒப்புதலையும் மறப்பது

சர்வர், லைசென்ஸ், வெளியாள் செய்யும் பாதுகாப்பு ஆடிட், சட்டத் துறையின் கையெழுத்து: இவை எதுவும் இரண்டு வாரத்தில் வராது. 8-ஆவது ஸ்பிரிண்ட் தொடங்கும்போது வேண்டிய பொருள் வந்து சேர 10 வாரம் ஆகும் என்றால், அது 5 ஸ்பிரிண்ட். 3-ஆவது ஸ்பிரிண்ட் தொடங்கும் நாளிலேயே ஆர்டர் போயிருக்க வேண்டும். ஸ்பெக் எழுத ஒரு ஸ்பிரிண்ட் ஆகும் என்றால் 2-ஆவதில் அதற்கு இடம் வேண்டும். பேக்லாக்கில் அத்தகைய ஸ்டோரி ஒவ்வொன்றின் மேலும் 'எந்த ஸ்பிரிண்ட்டுக்குள் முடிவெடுக்க வேண்டும்' என்று எழுதி வையுங்கள். பின்னாலிருந்து எண்ணும் இந்த வேலை பிளான் பழக்கம் உள்ளவர்களுக்கு நன்றாக வரும்; அவர்களிடமே கொடுங்கள்.

எல்லா மாற்றத்துக்கும் ஒரே வாசல்

மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு மாதம் ஒருமுறை கூடும். ஸ்பிரிண்ட் இரண்டு வாரம். எல்லாம் அங்கே போக வேண்டும் என்றால் பதில் வருவதற்குள் இரண்டு ஸ்பிரிண்ட் ஓடிவிடும். பிறகு கேட்காமலே செய்யப் பழகிவிடுவார்கள், அது இன்னும் மோசம்.

இரண்டு வாசல் வையுங்கள். ஒரே ரிலீஸுக்குள் ஒரே அளவு பாயின்ட்டை உள்ளே எடுத்து வெளியே தள்ளுவது, எதை முதலில் செய்வது என்று தீர்மானிக்கும் பிராடக்ட் ஓனரின் முடிவு, யாரையும் கேட்க வேண்டாம். ரிலீஸ் தேதி, பட்ஜெட், உறைய வைத்த இன்டர்ஃபேஸ், சட்ட விதி, இந்த நான்கில் ஒன்றைத் தொட்டாலும் மாற்றக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் போக வேண்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதி, முதல் ஸ்பிரிண்ட்டுக்கு முன்பே இரு தரப்பிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். சண்டை வந்த பிறகு எழுதினால் ஒருவரும் போடமாட்டார்கள்.

அதிகாரமில்லாத பிராடக்ட் ஓனர்

'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்பவர் பிராடக்ட் ஓனர் அல்ல, தபால்காரர். மேலே இருப்பவரை அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லுங்கள்.